ஓரத்தில் நிறம் கசிகிறதா? டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் அடையாளக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

லைக்கா எம்8, எம்9 போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் (லென்ஸ் வழியாக இல்லாமல் தனிச் சன்னலில் பார்த்து ஃபோகஸ் செய்பவை) வைட் லென்ஸ் போட்டு எடுத்த படத்தின் மூலையில் நீலப்பச்சையோ சிவப்போ தெரிந்தால், பெரும்பாலும் முதலில் திட்டு வாங்குவது லென்ஸ்தான். அதை விற்றுவிட்டு வேறு வாங்கலாமா என்று யோசிக்கிற அளவுக்குப் போகிறார்கள். பல சமயம் லென்ஸ் நன்றாகத்தான் இருக்கும். கேமரா அதை வேறு ஏதோ லென்ஸ் என்று எடுத்துக்கொண்டு தவறான திருத்தத்தைப் போட்டிருக்கும், இல்லையென்றால் என்ன லென்ஸ் என்றே தெரியாமல் திருத்தமே போடாமல் விட்டிருக்கும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தப் படத்துக்குக் கேமரா எந்த லென்ஸின் திருத்த அட்டவணையைப் பயன்படுத்தியது?

இந்த அட்டவணை ஏன் தேவைப்படுகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது புரியாமல் கீழே உள்ளது எதுவும் புரியாது. லைக்கா எம் லென்ஸ்களை மாட்டுகிற எம் மவுண்டில் லென்ஸின் வளையத்துக்கும் படத்தளத்துக்கும் இடையே 27.8 மி.மீ. தூரம்தான். எஸ்எல்ஆர் கேமராவைப் போல நடுவில் பிம்பம் காட்டும் கண்ணாடி (மிரர்) மடங்குகிற வேலை இல்லாததால் பழைய வைட் லென்ஸ்களின் பின்பகுதி ஃபிலிமை ஒட்டியே போய் நிற்கும்படி வடிவமைத்தார்கள். ஓரங்களுக்கு ஒளி மிகச் சாய்வாகப் போய்ச் சேரும், ஃபிலிமுக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. சென்சாருக்குப் பிரச்சினை. சென்சாரின் மேல் ஒரு கண்ணாடி, அதில் அகச்சிவப்பைத் தடுக்கும் தன்மை, அதற்குக் கீழே நுண்லென்ஸ்கள், அதற்கும் கீழே நிற வடிகட்டிகள். சாய்வாக வரும் கதிர் அந்தக் கண்ணாடிக்குள் கூடுதல் தூரம் பயணிக்கிறது, அதனால் சிவப்பு கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. சில கதிர்கள் பக்கத்துப் பிக்சலுக்குள்ளும் கசிகின்றன. விளைவாக மூலை இருள்வது மட்டுமில்லாமல் நிறமும் மாறுகிறது. எம்8-இலும் எம்9-இலும் இருந்த கோடாக் சென்சார்களில் இதற்காகவே ஓரத்து நுண்லென்ஸ்களை மையத்தை நோக்கி நகர்த்தி வைத்தார்கள். மூடுகண்ணாடியையும் மெலிதாக்கினார்கள், எம்8-இல் 0.5 மி.மீ., எம்9-இல் 0.8 மி.மீ. மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எவ்வளவு திருத்துவது என்பது லென்ஸுக்கு லென்ஸ் மாறும், ஆகவே என்ன லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று கேமராவுக்குத் தெரிய வேண்டும்.

அதற்காக வந்ததுதான் 6-பிட் குறியீடு. லென்ஸின் உலோக வளையத்தில் ஆறு சிறு குழிகள், ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. கேமராவின் மவுண்ட் வளையத்தில் ஒரு சின்னக் கறுப்புச் சன்னல் இருக்கும், அதன் வழியாக ஒளிவீசி இந்தக் குழிகளைப் படிக்கிறது. ஆறு புள்ளி என்றால் 64 சேர்க்கைகள். 2006-இல் எம்8 வந்ததை ஒட்டி லைக்காவின் புதிய எம் லென்ஸ்கள் இந்தக் குறியீட்டோடு வரத் தொடங்கின. அதற்கு முந்தைய லென்ஸ்களில் குறியீடு கிடையாது. ஸைஸ், ஃபோக்ட்லேண்டர் லென்ஸ்களிலும் கிடையாது. 2004-இல் வந்த எப்சன் ஆர்-டி1-தான் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர், அதில் இந்தப் படிக்கும் வசதியே இல்லை. அதன் சென்சார் சிறியது என்பதால் லென்ஸின் மோசமான ஓரம் படத்துக்குள் வராமலே போய்விடும்.

எதையும் தொடும் முன் ஒரு சோதனை

வெள்ளை அக்ரிலிக் துண்டு ஒன்றை (பால் வெள்ளை நிறத்தில், ஒளி ஊடுருவக்கூடியது) லென்ஸின் முகத்தில் ஒட்டிப் பிடித்து, மேகம் மூடிய வானத்தையோ ஜன்னலையோ நோக்கி எடுங்கள். சுவரை எடுக்காதீர்கள். சுவரில் விளக்கு வெளிச்சம் ஒரு பக்கம் கூடுதலாக விழும், அதைப் பார்த்து லென்ஸ் சாய்ந்திருக்கிறது என்று முடிவுக்கு வந்துவிடுவீர்கள். மெனுவில் லென்ஸை அடையாளம் காணும் வசதியான லென்ஸ் டிடெக்‌ஷனை ஆஃப் செய்து ஒன்று, தானியங்கியில் (எம்8-இல் ஆன்) வைத்து ஒன்று, உங்கள் கேமராவில் கையால் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் நீங்கள் சந்தேகப்படுகிற ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒன்று. ஒரு வரிசைக்குள் லென்ஸின் துவாரத்தை (அப்பர்ச்சர்) மாற்றாதீர்கள், முழுதாகத் திறந்து ஒரு வரிசை, எஃப் 8-இல் ஒரு வரிசை எடுத்தால் போதும். கணினியில் போட்டு, எடிட்டிங் மென்பொருளின் லென்ஸ் ப்ரொஃபைல் திருத்தத்தை அணைத்துவிட்டு, நிறச்செறிவை ஏற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் அப்போது தெரியும்.

ஆஃப், தானியங்கி இரண்டு படமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் கேமரா லென்ஸை அறியவில்லை. வேறுபட்டிருந்தால் ஏதோ ஒரு லென்ஸாக அறிந்திருக்கிறது. அது சரியான லென்ஸ்தானா என்பதைப் படத்தின் எக்ஸிஃப் தகவலில் (கேமரா படத்தோடு சேர்த்து எழுதும் குறிப்புகள்) பார்க்கலாம். சாதாரண மென்பொருளில் லென்ஸ் பெயர் காட்டாவிட்டால் எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியில் திறந்து பாருங்கள், லைக்கா எழுதிவைக்கிற உள்குறிப்புகளையும் அது காட்டும்.

இன்னொன்று. எம்8-இலும் எம்9-இலும் இந்தத் திருத்தம் ஜேபெக்கில் மட்டும் நடப்பதில்லை, டிஎன்ஜி ரா கோப்பிலேயே (பதப்படுத்தாத மூலப் படம்) கலந்துவிடுகிறது. "ரா-வில்தானே எடுக்கிறேன், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று அலட்சியமாக இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எடுத்த பிறகு அந்தத் திருத்தத்தைத் தனியாக உரித்தெடுக்கும் பொத்தான் எந்த மென்பொருளிலும் இல்லை.

அறிகுறி: நான்கு மூலைகளிலும் நீலப்பச்சை (பெரும்பாலும் எம்8)

எம்8-இன் மூடுகண்ணாடி அத்தனை மெலிதாக இருந்ததற்குக் கொடுத்த விலை அகச்சிவப்புக் கசிவு. கறுப்புச் செயற்கை இழைத் துணிகள், கேமராப் பை, கோட்டு, குடை எல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் வந்தன. கேமரா சந்தைக்கு வந்த சில வாரங்களிலேயே இது வெளியே தெரிந்துவிட, லைக்கா எம்8 வாங்கியவர்களுக்கு இரண்டு யுவி-ஐஆர் (புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும்) ஃபில்டர்களை இலவசமாகக் கொடுத்தது. ஃபில்டரை லென்ஸின் முன்னால் மாட்டினால் கறுப்பு மீண்டும் கறுப்பாகிவிடும். ஆனால் அது மெல்லிய பூச்சு அடுக்குகளால் ஆன ஃபில்டர், ஒளி சாய்ந்து வந்தால் அது வெட்டும் எல்லை சிவப்புப் பக்கமாக நகர்ந்துவிடும். வைட் லென்ஸில் மூலைக்கு வரும் ஒளி சாய்வாகத்தானே வருகிறது, ஆகவே மூலையில் சிவப்பும் சேர்ந்து வெட்டுப்பட்டு நீலப்பச்சை மிஞ்சும்.

இதைச் சரிசெய்யத்தான் எம்8 மெனுவில் மூன்று நிலைகள்: ஆஃப், ஆன், ஆன் உடன் யுவி-ஐஆர். ஃபில்டர் போட்டிருந்தால் மூன்றாவது நிலை, இல்லையென்றால் இரண்டாவது. லென்ஸில் குறியீடு இல்லையென்றால் மூன்றாவது நிலையை வைத்தாலும் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் எவ்வளவு சிவப்பைத் திரும்பச் சேர்ப்பது என்று கேமராவுக்குத் தெரியாது. 50 மி.மீ.க்கு மேல் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம். 35-இல் இலேசாக, 28-இல் நன்றாக, 21-க்குக் கீழே கண்ணை உறுத்தும்படி.

எம்9-இல் இதே நீலப்பச்சை தெரிந்து, முன்னால் யுவி-ஐஆர் ஃபில்டர் இருந்தால், ஃபில்டரைக் கழற்றுங்கள். அவ்வளவுதான். எம்9-இன் மெனுவில் அந்த மூன்றாவது நிலை கிடையாது, தடித்த மூடுகண்ணாடியே அகச்சிவப்பை ஓரளவு தடுத்துவிடுகிறது. எம்8-இலிருந்து எம்9-க்கு மாறியவர்கள் பழைய பழக்கத்தில் ஃபில்டரை லென்ஸிலேயே விட்டுவிடுவது சகஜம்.

அறிகுறி: மூலைகள் செக்கச்செவேல்

மேலே சொன்னதன் தலைகீழ். எம்8-இல் ஃபில்டரைக் கழற்றிவிட்டு மெனுவை மாற்ற மறந்தால், இல்லாத நீலப்பச்சைக்குக் கேமரா சிவப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும். மனிதர் முகம் ஓரத்தில் இருந்தால் தக்காளி நிறத்துக்குப் போய்விடும். எம்8-இல் ஒரு ஃபில்டரை மட்டும் வாங்கி லென்ஸ் மாற்றி மாற்றிப் போடுவதைவிட, வைட் லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபில்டர் வாங்கி நிரந்தரமாகப் பூட்டிவிட்டு மெனுவை மூன்றாவது நிலையிலேயே விட்டுவிடுவது நல்லது. செலவுதான், ஆனால் மறதிக்கு இடமில்லை.

மற்ற மாடல்களில் சிவப்பு மூலை வந்தால் கையால் தேர்ந்த லென்ஸ் தவறு. பெரும்பாலும் உங்களிடம் இருப்பதைவிட வைடான, அல்லது பின்பகுதி இன்னும் உள்ளே தள்ளி நிற்கிற லென்ஸின் பெயரைத் தேர்ந்திருப்பீர்கள்.

அறிகுறி: ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலப்பச்சை

இது எம்9-இன் பேர்பெற்ற வியாதி. 2009-இல் அது வந்தபோது முழு ஃபிரேம், அதாவது 24க்கு 36 மி.மீ. சென்சாருடன் வந்த முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் அதுதான், எம்8-இல் வெட்டுப்பட்டுப்போன ஓரம் எல்லாம் இப்போது படத்துக்குள் வந்துவிட்டது. படத்தின் இடது ஓரம் சிவப்பு, வலது ஓரம் பச்சை கலந்த நீலம், நடுவில் வெள்ளை. இத்தாலியக் கொடி என்று கிண்டலாகப் பெயர் வைத்துவிட்டார்கள்.

மூலைகள் நான்கும் ஒரே மாதிரி நிறம் மாறினால் அது கோணத்தின் வேலை. இடமும் வலமும் வேறுவேறாக இருந்தால் சென்சாரின் உள்ளமைப்பு இரு பக்கமும் ஒளியை ஒரே மாதிரி வாங்கவில்லை என்று பொருள். சமச்சீர் வடிவமைப்பில் உள்ள வைட் லென்ஸ்களில்தான் இது உச்சத்துக்குப் போகும்: ஸைஸின் 21 மி.மீ. எஃப் 4.5 சி பயோகான், ஃபோக்ட்லேண்டரின் பழைய 15 மி.மீ. ஹெலியர், ஷ்னைடர் வடிவமைத்து லைக்கா விற்ற சூப்பர் ஆங்குலான். இவை லென்ஸாகப் பார்த்தால் அருமையானவை. அந்த 21 பயோகானின் கோணல் இல்லாத கோடுகளுக்காகவே கட்டடப் படம் எடுப்பவர்கள் அதை விடமாட்டார்கள்.

என்ன செய்யலாம்? முதலில் ஃபர்ம்வேரை (கேமராவின் உள் மென்பொருளை) புதுப்பியுங்கள். எம்9-க்கு அடுத்தடுத்து வந்த பதிப்புகள் இந்த இடவல வேறுபாட்டை நன்றாகவே குறைத்தன, முழுக்கப் போக்கிவிடவில்லை. அடுத்து லென்ஸ் டிடெக்‌ஷனைக் கையால் தேர்ந்தெடுங்கள். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள்: என் லென்ஸ் 21, மெனுவில் 21 என்று இருக்கிற முதல் பெயரைத் தட்டுகிறேன் என்று. குவியதூரம் ஒத்துப்போவதைவிட லென்ஸின் பின்பகுதி எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பது ஒத்துப்போவதுதான் முக்கியம். புதிய ஆஸ்ஃபெரிக்கல் (கோள வடிவமல்லாத கண்ணாடி கொண்ட) லென்ஸ்கள் கதிர்களை ஓரளவு நிமிர்த்தி அனுப்புகின்றன, அவற்றின் அட்டவணை மென்மையானது. சமச்சீர் லென்ஸுக்கு அது போதாது. ஆஸ்ஃபெரிக்கல் அல்லாத பழைய பதிப்புகளின் பெயரை முதலில் முயலுங்கள், அது போதாவிட்டால் அதைவிட வைடான லென்ஸின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அக்ரிலிக் சோதனையை ஒவ்வொரு பெயருக்கும் ஓட்டி, எதில் மிச்ச நிறம் குறைவோ அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் மூக்குக்கண்ணாடியில் நம் பவருக்குக் கிட்டத்தட்ட ஒத்து வருவதைத் தேடுகிற மாதிரிதான், சரியாகப் பொருந்தாது, ஆனால் பேப்பர் படிக்கலாம்.

15 மி.மீ. ஹெலியரின் பழைய இரண்டு பதிப்புகளுக்கு எம்9-இல் எந்தப் பெயரும் ஒத்துவரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவற்றைக் கறுப்பு வெள்ளைக்கு வைத்துக்கொள்ளலாம். 2015-இல் வந்த மூன்றாவது பதிப்பை டிஜிட்டல் சென்சாரை மனதில் வைத்தே மறுவடிவமைப்பு செய்தார்கள், லென்ஸ் கொஞ்சம் பெருத்துவிட்டது, ஆனால் நிறத் தொல்லை பெருமளவு போய்விட்டது. புதிதாக வாங்குகிறவர் பழையதை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

2012-இல் வந்த எம் மோனோக்ரோம் வைத்திருப்பவருக்கு இந்தப் பகுதி முழுவதும் வீண். அதில் நிற வடிகட்டியே இல்லை, மூலை இருட்டு மட்டும்தான் பிரச்சினை. 2022-இன் எம்11-இல் பின்பக்க ஒளியேற்பு சென்சார் என்பதால் நிறக் கசிவு மிகவும் குறைந்துவிட்டது, இருட்டு அப்படியே இருக்கிறது.

அறிகுறி: மூலைகள் நடுவைவிட வெளுத்து, புள்ளி புள்ளியாக

மூலை இருட்டைத் திருத்துவது என்றால் அந்த இடத்து எண்களைப் பெருக்குவதுதான். இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, தூக்கினால் ஐஎஸ்ஓ 640-இல் எடுத்த படத்தின் மூலை ஐஎஸ்ஓ 2500 போல நடந்துகொள்ளும். எம்9-க்கு 2500-தான் எல்லை, அந்த எல்லையில் எடுத்து மூலையை மேலும் தூக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, பட்டை பட்டையாகக் கோடுகள் கிளம்பும். எம்8-இல் இன்னொரு இடைஞ்சல், அதன் டிஎன்ஜி 8 பிட்டாகச் சுருக்கப்பட்டது, நிழல்களை இழுக்க இழுக்கச் சீக்கிரமே உடையும்.

நடுவைவிட மூலை வெளுப்பாக இருந்தால் இரண்டு காரணங்களில் ஒன்று. கேமரா உங்கள் லென்ஸை அதைவிட அதிகமாக இருளும் லென்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அல்லது கேமரா ஒருமுறை திருத்தியதை லைட்ரூம் இன்னொருமுறை திருத்துகிறது. லைட்ரூமில் ப்ரொஃபைல் திருத்தத்தை இயக்கும்போது அது எக்ஸிஃப்பில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் ப்ரொஃபைலைத் தேடும், ஆகவே ஸைஸ் லென்ஸுக்கு நீங்கள் லைக்கா பெயரைத் தேர்ந்து எடுத்திருந்தால் லைட்ரூமும் லைக்கா ப்ரொஃபைலையே போட்டுவிடும். ஒரு பொய்க்கு இரண்டாவது பொய். அங்கே விக்னெட்டிங் (மூலை இருட்டுத் திருத்தம்) அளவைப் பூஜ்யமாக்கிவிட்டுப் பாருங்கள்.

இரவுப் படங்களுக்கு நான் டிடெக்‌ஷனை ஆஃப் செய்துவிடுவேன். மூலை இருட்டாக இருந்தால் இரவில் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை, பட்டைக் கோடு இருந்தால் எல்லாரும் கேட்பார்கள்.

அறிகுறி: கேமராவுக்கு லென்ஸே தெரியவில்லை, அல்லது வேறொரு பெயர் காட்டுகிறது

குறியீடு உள்ள லென்ஸ் என்றால் முதல் சந்தேகம் அழுக்கு. லென்ஸ் வளையத்தின் ஆறு குழிகளையும், கேமரா வளையத்தின் சின்னச் சன்னலையும் மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். கேமராவை முகம் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு துடையுங்கள், சன்னலுக்குப் பக்கத்திலேயேதான் சென்சார் அறை இருக்கிறது. குழியில் வண்ணம் உதிர்ந்திருந்தால் மரக்குச்சி முனையால் எனாமல் பெயிண்ட் வைக்கலாம், குழிக்கு மேல் மேடாகிவிடக் கூடாது.

அடுத்தது ஃபிரேம்லைன். இது பலருக்குத் தெரியாது. கேமரா ஆறு புள்ளியை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை, அந்த லென்ஸ் வ்யூஃபைண்டரில் எந்தச் சட்டங்களை (படத்தின் எல்லையைக் காட்டும் கோடுகளை) கொண்டுவருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. எம்9-இல் சட்டங்கள் மூன்று ஜோடி: 28-90, 35-135, 50-75. ஒரே ஆறு புள்ளிக் குறியீட்டை வெவ்வேறு சட்டத்தோடு சேர்த்து வெவ்வேறு குவியதூரமாகப் படிக்கும் லென்ஸ்களும் உண்டு, மூன்று குவியதூரம் கொண்ட 28-35-50 ட்ரை-எல்மார் அப்படித்தான் வேலை செய்கிறது, வளையத்தைத் திருப்பினால் சட்டமும் மாறும், கேமராவுக்கும் புரியும். ஆகவே புள்ளிகள் சரியாக இருந்து சட்டம் தவறாக வந்தால் கேமரா குழம்பும்.

இது அதிகமாகக் கடிப்பது திருகு லென்ஸ் (கேமராவில் திருகி மாட்டும் பழைய வகை) வைத்திருப்பவர்களை. திருகு லென்ஸை எம் மவுண்டுக்கு மாற்ற 1 மி.மீ. தடிமனில் ஒரு வளையம் வேண்டும், அந்த வளையங்களும் மூன்று வகையாக, சட்ட ஜோடிக்கு ஒன்றாக விற்கிறார்கள். 35 லென்ஸுக்கு 50-75 வளையத்தைப் போட்டால் படம் எடுக்கலாம், ஃபோகஸும் சரியாகவே வரும், சட்டம் மட்டும் தவறு. அந்த வளையத்தில் 35-க்கான குறியீட்டை எழுதினால் கேமரா ஏற்றுக்கொள்ளாது. சரியான வளையத்தை வாங்குங்கள், வாங்கும்போதே குறியீடு எழுத உள்வாங்கிய பள்ளம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்றாவது, திருகாணி. பழைய லென்ஸ்களிலும் வேறு நிறுவன லென்ஸ்களிலும் வளையத்தைப் பிடித்திருக்கும் திருகாணியின் தலை குறியீட்டுப் புள்ளி வர வேண்டிய இடத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கும். அதன் பள்ளம் ஒளியைத் திருப்பாது, கேமராவுக்குக் கறுப்பாகத் தெரியும். குறியீடே இல்லாத 50 லென்ஸை மாட்டியவுடன் கேமரா சம்பந்தமே இல்லாத ஒரு லென்ஸின் பெயரைச் சொன்னால் பேய் பிசாசு இல்லை, இந்தத் திருகாணிதான். தானியங்கியை விட்டுக் கையால் தேர்ந்தெடுங்கள், தீர்ந்தது.

மார்க்கர் பேனாவால் புள்ளி வைப்பது பற்றி. எம்8-இல் லென்ஸைக் கையால் தேர்ந்தெடுக்கும் மெனு இல்லை, அது எம்9-இல்தான் வந்தது. எனவே எம்8 வைத்திருப்பவருக்குப் பேனாவைத் தவிர மலிவான வழி கிடையாது. நிரந்தர மை உள்ள கறுப்புப் பேனா, தொடும் முன் ஸ்பிரிட்டால் வளையத்தைத் துடைத்து எண்ணெய் போக்கிக்கொள்ளுங்கள். ஒரு தடவை மாட்டிக் கழற்றும்போதும் உலோகத்தோடு உலோகம் உரசுவதால் மை அழிந்துகொண்டே வரும். பாதி அழிந்த புள்ளிதான் மிக ஆபத்து, ஒருநாள் படிக்கும் ஒருநாள் படிக்காது, ஒரே இடத்தில் எடுத்த படங்கள் இரண்டு நிறத்தில் வரும். அப்படி மாறி மாறி வருகிற நோய் உங்களுக்கு இருந்தால் எக்ஸிஃப்பில் லென்ஸ் பெயர் எந்தப் படத்திலிருந்து காணாமல் போகிறது என்று பாருங்கள், புள்ளியைத் திரும்ப வைக்க வேண்டிய நேரம் அது. பிடித்த லென்ஸ் என்றால் வளையத்தில் குழி வெட்டித் தருபவரிடம் கொடுத்துவிடலாம், அல்லது லைக்காவின் பழைய லென்ஸாக இருந்தால் வளையத்தையே குறியீடு உள்ளதாக மாற்றித் தருவது உண்டு. எம்9-உம் அதற்குப் பிந்தையதும் வைத்திருப்பவர்கள் பேனாவைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து, மெனு இருக்கும்போது எதற்கு அந்த வேலை.

மெனுவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. குறியீடு இல்லாத ஒரு லென்ஸைக் கழற்றிக் குறியீடு இல்லாத இன்னொன்றை மாட்டினால் கேமராவுக்கு அது தெரியவே தெரியாது, பழைய பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். 21-இலிருந்து 50-க்கு மாறிய பிறகு எல்லாப் படத்திலும் ஓரம் வெளுத்து இலேசான சிவப்பாக இருந்தால் காரணம் இதுதான்.

16-18-21 ட்ரை-எல்மார் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது குறியீடு உள்ள லென்ஸ்தான், ஆனால் மூன்று குவியதூரத்தில் எதில் நிற்கிறது என்று கேமராவுக்குத் தெரியாது, உங்களைத்தான் கேட்கும். வளையத்தைத் திருப்பும்போதெல்லாம் மெனுவிலும் மாற்ற வேண்டும்.

அறிகுறி: படம் ஆடியிருக்கிறது, அல்லது ஐஎஸ்ஓ தேவையில்லாமல் ஏறுகிறது

லென்ஸ் அடையாளத்துக்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். தானியங்கி ஐஎஸ்ஓவில் "லென்ஸைப் பொறுத்து" என்று ஷட்டர் வேகத்தை வைத்திருந்தால் கேமரா குவியதூரத்தைத் தலைகீழாக்கி வேகத்தின் அடிமட்டமாக எடுத்துக்கொள்ளும். 90 லென்ஸை மாட்டிவிட்டு மெனுவில் 28-ஐ விட்டிருந்தால், விநாடியில் 30-இல் ஒரு பங்கு வரை இறங்கலாம் என்று அது நினைக்கும். 90-க்கு அது போதாது. மறுபக்கம், 28-ஐ மாட்டி 90 என்று சொன்னால் வேகத்தைக் காப்பாற்ற ஐஎஸ்ஓவை ஏற்றும், படத்தில் புள்ளி கூடும். ஓரத்தில் ஒரு நிறமும் மாறாமல் படம் முழுக்கக் கெடுவதால் இதை யாரும் லென்ஸ் டிடெக்‌ஷனோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. குறியீடு இல்லாத லென்ஸ்கள் நிறைய வைத்திருப்பவர்கள் அந்த நிலையை விட்டுவிட்டு நிலையான வேகம் ஒன்றை வைத்துக்கொள்வதே மேல்.

அறிகுறி: எக்ஸிஃப்பில் துவாரம் தப்பாக இருக்கிறது

இது கோளாறே இல்லை. எம் லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மின்தொடர்பு எதுவும் கிடையாது, துவாரத்தை நீங்கள் எதில் வைத்தீர்கள் என்று கேமராவுக்குச் சொல்வாரில்லை. கேமராவின் முன்பக்கம் வெளிச்சம் அளக்கும் ஒரு சின்னக் கண் இருக்கிறது, அது அளந்ததையும் லென்ஸ் வழியாக வந்ததையும் ஒப்பிட்டு ஊகித்து எழுதுகிறது. அந்தக் கண்ணை விரல் மறைத்தாலோ, அடர்த்தியான ஃபில்டர் போட்டிருந்தாலோ, வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ ஊகம் எங்கேயோ போய்விடும். நம்பாதீர்கள், அதை வைத்து லென்ஸைச் சோதிக்காதீர்கள்.

அறிகுறி: மூலை மசமசவென்று இருக்கிறது

எந்தப் பெயரை மெனுவில் தேர்ந்தாலும் இது மாறாது. எம்8, எம்9-இன் லென்ஸ் அடையாளம் மூலையின் வெளிச்சத்தையும் நிறத்தையும் மட்டுமே தொடும். கூர்மையைக் கூட்டாது, கோட்டுக் கோணலை நிமிர்த்தாது, ஃபோகஸைத் தொடவே தொடாது. நடுவிலும் மசங்கினால் ரேஞ்ச்ஃபைண்டர் சீரமைப்பைப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மசங்கினால் லென்ஸின் உள் கண்ணாடி நகர்ந்திருக்கலாம். அதே லென்ஸை அடாப்டர் மூலம் வேறு மிரர்லெஸ் கேமராவில் போட்டுப் பார்த்து ஓரம் குழைந்திருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள், அங்கே சென்சாரின் மேலுள்ள கண்ணாடி இதைவிடத் தடிமன், சாய்ந்த கதிரை அது இழுத்துப் பரப்பிவிடும்.

எடுத்து முடித்த படங்களை மீட்க

தவறான பெயரில் ஒரு பயணம் முழுக்க எடுத்தாகிவிட்டது, என்ன செய்வது? அதே லென்ஸை மாட்டி, அதே தவறான பெயரை மெனுவில் மறுபடி வையுங்கள். தவறான பெயர்தான், சரியானதை வைத்துவிடாதீர்கள், ஏனென்றால் படத்துக்குள் கலந்திருக்கும் தவறை அளக்க அதே தவறு வேண்டும். அக்ரிலிக் துண்டை வைத்து அதே துவாரத்தில், ஃபோகஸ் தூரம் ஏறக்குறைய அதேபோல, வெளிச்சத்தின் தன்மையும் முடிந்தவரை ஒத்திருக்கும்படி ஒரு படம் எடுங்கள். லைட்ரூம் கிளாசிக்கில் லைப்ரரி மெனுவில் ஃப்ளாட்-ஃபீல்ட் கரெக்‌ஷன் இருக்கிறது, இந்த வெள்ளைப் படத்தைப் பார்த்து மற்றவற்றின் இருட்டையும் நிறத்தையும் சமன்செய்துவிடும். கேப்சர் ஒன்னில் இதே வேலையை எல்சிசி என்கிறார்கள். கார்னர்ஃபிக்ஸ் என்ற இலவச மென்பொருள் எம்8 காலத்திலிருந்தே இதற்காகவே இருக்கிறது, வெள்ளைப் படத்திலிருந்து ஒரு ப்ரொஃபைல் செய்து சேமித்துக்கொண்டு டிஎன்ஜிகளை மொத்தமாக ஓட்டலாம், வெளியே வருவதும் டிஎன்ஜிதான்.

21 பயோகான் மாதிரி எந்த மெனுப் பெயருக்கும் பிடிகொடுக்காத லென்ஸுக்கு நான் பரிந்துரைப்பதும் இந்த வழிதான்: டிடெக்‌ஷன் ஆஃப், பையில் அக்ரிலிக் துண்டு, இடத்துக்கு ஒரு வெள்ளைப் படம். வெளிச்சம் மாறினால் இன்னொன்று. துவாரத்தை எஃப் 4.5-க்கும் எஃப் 8-க்கும் இடையில் மாற்றினால் இரண்டுக்கும் தனித்தனியாக எடுத்து வையுங்கள், இருட்டின் வடிவம் துவாரத்தோடு மாறும், நிறக் கசிவு அவ்வளவாக மாறாது. ஆகவே நிறம் மட்டும்தான் தொல்லை என்றால் ஒரு வெள்ளைப் படமே பல துவாரங்களுக்குப் போதும்.